பூங்கா ரயிலின் ஹாரன்

பொங்கலுக்குப் போட்ட கோலம் தெருவில் இன்னும் அழியாதிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவின் மான்கள் லாரி ஏறின. பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மான்களைக் கோடியக்கரைக் காட்டில் விடப் போகிறார்கள். மற்ற மான்கள் எல்லாம் உதைத்தன, முட்டின. நாலு பேர் சேர்ந்து கண்ணைக் கட்டித்தான் ஏற்ற முடிந்தது. மூளி என்ற பெண்மான் மட்டும் தானாக நடந்து போய் ஏறியது. லாரிக் கூண்டின் அந்தப் பக்கம், அதற்குத் தீனி வைக்கும் அம்சவல்லி நின்றுகொண்டிருந்தாள். அது போதும் அதற்கு.

"இதுக்கு மட்டும் சீட்டு ரிசர்வ் பண்ணிட்டீங்களாக்கா?" என்று சிரித்தான் லாரி ஓட்டிவந்த இர்பான். வேதாரண்யம் பக்கம் தோப்புத்துறைக்காரன்.

அம்சவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, நீங்க அந்த ஊர்ப் பக்கத்து ஆளுதானே. இதுக்கு இடது காது பாதிதான் இருக்கும். எப்பவாச்சும் கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க. உசுரோட இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"நம்பரைக் குடுங்க. நல்லதோ கெட்டதோ, சொல்லிர்றேன்."

லாரி பெரிய கோயில் அகழியை ஒட்டிப் போய்த் திரும்பி மறைந்தது. அவள் கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை அப்படியே இருந்தது.

அம்சவல்லி பிறந்தது பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். நடவும் களையெடுப்பும் இருக்கிற மாதங்களில் வீட்டில் உலை கொதிக்கும்; கோடையில் பானை சும்மா கிடக்கும். அரசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தஞ்சாவூருக்கு வந்தாள். அரசப்பன் பூங்காவில் குட்டி ரயில் ஓட்டினார். அதே பூங்காவில் கூட்டிப் பெருக்கவும் மான்களுக்குத் தீனி வைக்கவும் அவளுக்கும் வேலை கிடைத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் நகராட்சி போட்ட பூங்கா அது. நூற்றைம்பது வயது இருக்கும். பக்கத்துக் குளம் அதற்கும் பல தலைமுறை மூத்தது. தண்ணீர் நடுவே ஒரு சின்னக் கோயில். நீடாமங்கலத்திலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பெரிய கோயில் பார்க்க வருகிற சனம், சாமி கும்பிட்ட கையோடு இங்கேதான் வரும். மரத்தடியில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும். பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்ளும். அப்புறம் ரயில். ரயிலில் ஏறாமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பியதில்லை.

ரயிலின் சொந்த ஊதல் என்றோ கெட்டுப்போனது. அரசப்பன் பழைய சாமான் கடையில் ஒரு வேன் ஹாரனை வாங்கி வந்து பொருத்திவிட்டார். மான் வேலி வளைவு வந்ததும் இரண்டு தரம் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்சவல்லி வேலியோரம் கீரையை நீட்டுவாள். சில நாளில் மான்களுக்கு அது பழகிவிட்டது. ஹாரன் கேட்டால் மந்தை முழுதும் வேலிக்கு ஓடிவரும். ரயிலிலிருந்து பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். எந்தப் பலகையிலும் எழுதாத வேடிக்கை. புருசனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து உண்டாக்கியது. அவர்களுக்கு அதில் பெருமை உண்டு.

ஓடிவருவதில் முதலாவது மூளிதான். தாய் செத்த குட்டி. வேலிக்கம்பியில் காதைக் கிழித்துக்கொண்டதால் மூளி என்று பேர். ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவள் அம்சவல்லி.

"கட்டுன புருசனுக்கு ஒரு நாள் இப்புடி ஊட்டிவிட்டிருக்கியா நீ?" என்பார் அரசப்பன்.

"உங்களுக்குக் காது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. மூளியா வாங்க, ஊட்டுறேன்."

மான்களை அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்னால் வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இனிமே யாரும் பக்கத்துல போகாதீங்கம்மா. கையால தீனி வேணாம். தொட்டியில போட்டுட்டு விலகிருங்க. மனுசனக் கண்டா அது பயந்து ஓடணும். காட்டுல அதுக்கு வேற பாதுகாப்பு கிடையாது."

சரிங்க என்றாள். அப்படியே செய்தும் பார்த்தாள். மற்றதெல்லாம் தொட்டிக்குப் போயின. மூளி போகவில்லை. வேலியோரமே நின்று அவள் வரும் வழியைப் பார்த்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பிறகு புதரை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திக்கொண்டது.

"என்னங்க, ஒரே ஒரு தடவை ஹாரன அடிங்க" என்றாள்.

"வேணாம் அம்சா. அவரு அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவரு பட்டினி கிடந்திருக்காரா? காட்டுக்குப் போனா தானா பழகிக்கும். அதுவரைக்கும் உசுரு வேணாமா?"

பூங்கா பூட்டியிருந்தது. தண்டவாளத்தில் சும்மா நின்ற ரயிலில் ஏறி அரசப்பன் இரண்டு தரம் அடித்தார். மூளி புதரைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவள் கையிலிருந்த கீரையைப் பறித்துத் தின்றது. மறுநாளும் அடித்தார். லாரி வரும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

மான்கள் போன பிறகு இருவருக்கும் அங்கே வேலையில்லை. அரசப்பன் நெல் மூட்டை ஏற்றும் டிராக்டருக்குப் போனார். அவள் கல்யாண மண்டபத்தில் இலை எடுத்தாள். ஒரு முறை இருவரும் பஸ் ஏறிக் கோடியக்கரைக்குப் போனார்கள். தூரத்துப் புல்வெளியில் ஒரு மந்தை இவர்களைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது.

"ஓடுதுங்க" என்று சந்தோஷப்பட்டாள் அம்சவல்லி. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மூளியும் ஓடியிருக்கும்ல?" என்றாள்.

அரசப்பன் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

வருஷங்கள் போயின. பூங்கா திறந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள். புது நடைபாதை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. அழகாகத்தான் இருந்தது. மான் வேலி இருந்த இடத்தில் புல்தரை. அங்கே உட்கார மனம் வராமல் திரும்பிவிட்டாள். மூளி குட்டி போட்டிருக்கும், அந்தக் குட்டிக்கு இரண்டு காதும் முழுசாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வாள். முதலில் அரசப்பனிடம் சொன்னாள். பிறகு அவரிடம் சொல்வதை விட்டுவிட்டாள்.

போன தை அமாவாசைக்கு மறுநாள், பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, நான் இர்பான். மான் ஏத்திட்டு வந்தேனே, அந்த லாரிக்காரன். நேத்து கோடியக்கரைக்குச் சவாரி. கடல்ல முழுக வந்த கூட்டம், ஏகப்பட்ட வண்டி. எனக்கு முன்னாடி போன வேன் ரெண்டு தரம் ஹாரன் அடிச்சுதுக்கா. ரோட்டோரம் நின்ன மானெல்லாம் உள்ள ஓடுது, ஒண்ணே ஒண்ணு மட்டும் ரோட்டுக்கு ஓடியாருது. அவரு பிரேக் போட்டாரு, நிக்கல. இறங்கிப் பாத்தேன். இடது காது பாதிதான்க்கா இருந்துச்சு. சொல்றதா வேணாமான்னு விடிய விடிய யோசிச்சேன். சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்ல. மாட்டுக்குக் குடுக்க அகத்திக்கீரை வச்சிருந்த ஒரு அம்மா கிட்டப் போய் நீட்டுனாங்க. வாயத் தொறந்துச்சு. திங்க முடியலக்கா."