தாழ்மையுடன் ஒரு வசவு

பட்டம் வாங்கிய கையால், இணைய மையத்தில் உட்கார்ந்து, பிறருடைய கோபத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்த சக பட்டதாரிகளே, இந்தத் தொழிலின் அருமை உங்களுக்குத்தான் தெரியும். பொருளாதாரம் விழுந்த அந்த வருடம், செலண்டார் தோட்டத்தின் முதல் பட்டதாரியான எனக்குப் புக்கிட் பெருவாங்கில் கிடைத்த உயர்பதவி இது.

அழுகையில் எத்தனை வகை

எங்கள் மையத்துக்கு வாடிக்கையாக வரும் மணியம் அண்ணன், மெர்லிமாவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அவர் விளையாடிய இணைய விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அழும் கட்டளையை அடித்தால், எங்கெங்கோ இருக்கும் ஆட்டக்காரர்களின் திரையில் 'வீரன் அழுகிறான்' என்று ஆங்கிலத்தில் வரும். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது; அவர் உணர்ச்சிவசப்படுவார், நான் தட்டுவேன். ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய வாளை யாரோ ஒருவன் பறித்துவிட்டான். அழவா, விம்மவா, கதறவா என்று பொறுப்பாகக் கேட்டேன்.

"வாள் போன வயித்தெரிச்சல்ல இருக்கேன், நீ சாப்பாட்டுக் கடை மாதிரி என்னென்ன இருக்குன்னு ஒப்பிக்கிறியே தங்கச்சி!"

மரியாதையான வசவு

பறித்தவனுக்கு அண்ணன் மூன்று மொழியில் அர்ச்சனை செய்தார். என் கையோ வேலைக்கு விண்ணப்பித்தே பழகியது. 'ஐயா, தங்கள் செயல் மிகுந்த மனவருத்தம் அளிக்கிறது. தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று அனுப்பினேன். எதிரி திரையில் விழுந்து விழுந்து சிரித்தான். எழுதியதை மறைக்காமல் அண்ணனிடம் சொன்னேன்.

"திட்டச் சொன்னா, அவன்கிட்டப் போயி என்னை வேலை கேக்க வச்சிட்டியே!"

மீட்டிங் என்று அடி

பிறகு வந்தது வினை. ஆலையில் தன் லோரி குலை இறக்க வேண்டிய முறை வந்துவிட்டதென்று, சண்டை நடுவே அண்ணன் எழுந்து போனார். ஓடிப்போன கோழையை ஆட்டக் குழுவிலிருந்து நீக்கப்போவதாக அதன் தலைவன் எழுதிவிட்டான். குழுவில் இருந்த, முகம் தெரியாத அந்த ஏழு பேர்தான் அவரைத் தளபதி என்று கூப்பிடுபவர்கள். லோரி முதலாளி கூப்பிடும் பெயர் வேறு. அண்ணன் கண் கலங்கியது, கட்டளை எதுவும் அடிக்காமலே.

"நீ வர்றதுக்கு முந்தியே அவங்ககிட்ட இஞ்சினியர்னு சொல்லி வச்சிருக்கேன். மீட்டிங்னு அடி" என்றார். எனக்குப் பொய் அடிக்க வராது என்றேன். அரை மணி நேரம் முறைத்துவிட்டு, "சரி, லோரின்னே அடிச்சித் தொலை" என்றார். தாழ்மையுடன் அடித்தேன். எழுதுவது மையத்தில் வேலை பார்க்கும் பெண் என்பதையும் நேர்மையாகச் சேர்த்தேன். பதில் வந்தது: 'டிரைவர் குழுவிலேயே இருக்கட்டும். எழுதிக் கொடுப்பவரை மாற்று; படித்தால் தூக்கம் வருகிறது.' அதைத் தமிழில் வாசித்துக் காட்டியதும் நானே. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"தலைவரு சொன்னா சரியாத்தான் லா இருக்கும் தங்கச்சி."

அந்த வருடம் எனக்கு வந்த நிராகரிப்புகளில், காரணம் சொல்லி வந்தது அது ஒன்றுதான்.