படப்பெட்டி கேட்டு வந்த இரண்டு பேர்

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் சினிமாக் கொட்டகையை மூடியபோது, யாரும் திருப்பிக் கேட்காத ஒரு படப்பெட்டி ஆபரேட்டரான என்னிடமே தங்கிவிட்டது. கருப்பு வெள்ளைக் குடும்பப் படம். மாமியார் கொடுமை, மருமகள் கண்ணீர், கடைசியில் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். ஓடவே இல்லை. வேறெங்கும் பிரிண்ட் கிடையாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, போன மாதம் இரண்டு பேர் கள்ளக்குறிச்சியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள்.

எனக்கு யார் வந்தாலும் சந்தேகம்தான். கருப்பு வெள்ளை பிலிமைக் கரைத்தால் வெள்ளி கிடைக்கும். சேகரிக்கிறேன் என்று வாங்கிப் போய்க் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பான ஆள் கைக்குப் போனால் அந்தப் படமே இல்லாமல் போய்விடும்.

முதலில் வந்தவர் உளுந்தூர்பேட்டைக்காரர். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"இன்னா படம்ங்க அது! எங்கம்மா இன்னும் சொல்லி அழுவுறாங்க. நீங்க சொன்னா போதும், ரீல் டப்பாவத் தொறந்துகூடப் பாக்க வாணாம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது; இருந்தாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போகும்போது கைக்கு ஒரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் வந்தவர் தியாகதுருகத்து வாத்தியார். உட்காரக்கூட இல்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, பிலிம் கெட்டுப்போன புளித்த வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தார். பிலிமை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வேற படத்து ரீல் எதுவும் கலந்திருக்காதுன்னு இன்னா நிச்சயம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நம்பிக்க இல்லன்னா எதுக்குய்யா வந்த?"

"கோச்சிக்காதீங்க. மலைக்குப் போற கடைசி பஸ்ஸ ஜனங்க புடிக்கணும்னு உங்க கொட்டாய்ல பாட்ட வெட்டிடுவீங்களாமே. மருமவ வூட்ட வுட்டுப் போறப்ப ஒரு பாட்டு இருக்குதுன்னு பாட்டுப் புஸ்தகத்துல போட்டுகீது. இதுல காணோம். எங்க அது?"

 வெட்டியதைப் பெட்டி விநியோகஸ்தருக்குத் திரும்பும்போது ஒட்டித் தருவது வழக்கம். இந்தப் பெட்டி திரும்பவே இல்லையே. முந்தின நாள் வந்த ஆள் கனம் பார்த்தாரே ஒழிய பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்குப் படம் வேண்டாம், எடை வேண்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். உள்ளே பாட்டு சுருண்டு கிடந்தது. வாத்தியார் அதையும் மோந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "இது முழுசா இருக்குதுங்களா?" என்று அப்போதும் என்னை முறைத்தார்.

எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. பெட்டியை அவர் வண்டியில் நானே வைத்துக் கட்டினேன்.

தம்பிகளா, பழைய பொருள் கேட்டு வருகிறவர் உங்களைச் சந்தேகப்பட்டால் டீ கொடுங்கள். சந்தேகமே படவில்லை என்றால் கதவைச் சாத்துங்கள். உளுந்தூர்பேட்டைக்காரர் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.