செத்தவீட்டுக்கு வராத ஆள்

ஊர்ப்பேச்சு சாட்சியாகாது என்ற எண்ணம் திருகோணமலை நீதிமன்றத்தின் கடைசி வரிசை வாங்கில் இருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அப்போது சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தேன். இறக்கக்கண்டி என்ற கடற்கரை ஊரில் இரண்டு பேர் கடலுக்குப் போய், ஒருவர் மட்டும் திரும்பியிருந்தார். மற்றவரின் உடல் பிறகு கரையொதுங்கியது. திரும்பியவர் மேல் கொலைவழக்கு.

தோணி முதலாளியான என் மாமா சாட்சி சொன்னார்: "இவன்தான் ஐயா. செத்தவீட்டுக்கே வரயில்லை."

"தள்ளினதைக் கண்டீரோ?" என்றார் எதிரிக்கூண்டில் நின்றவரின் வக்கீல்.

"காணயில்லை. ஆனா ஊரே சொல்லுது."

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அத்தனை பேரில் ஒருவரும் எதையும் காணவில்லை. இதை வைத்து ஒரு மனிதரைத் தூக்கில் போட ஏலாதே என்று நினைத்தேன். ஜூரிமாரும் அவரை விடுவித்தார்கள்.

"அவன்ர மனிசியிட்ட என்னத்தைச் சொல்லுறது தம்பி? பிடிச்ச கை நழுவிட்டுது," என்றார் விடுதலையானவர், ஏன் செத்தவீட்டுக்குப் போகவில்லை என்று வெளியே நான் கேட்டபோது.

ஊர் விடவில்லை. அவருடன் கடலுக்குப் போக ஆளில்லை. வீட்டில் அடுப்பும் எரியவில்லை. மாதக்கணக்காக மாமாவுடன் வாதாடிக் களைத்துப்போனேன்.

"கோட்டில ஜூரிமார் விட்டா நாங்களும் விடோணுமோ? அவனோட நீ தோணியில ஏறுவியோ?" என்றார் மாமா.

"ஓம், ஏறுறன்."

எனக்கு நீந்தத் தெரியாது. வாடைக்காற்று அடங்கியதும் அவருடன் வலை இழுக்கப் போகிறேன்.