மெஷின் வாயில் லுங்கி

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஆராய்ச்சிக்காகக் காற்றை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைத்திருந்தேன். அது இழுக்கும் தூசியெல்லாம் உள்ளே ஒரு வெள்ளைத் தாளில் படியும். அதில் கடலுப்பு எவ்வளவு, புகைக்கரி எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. உப்புத்துகள் வெயிலைத் திருப்பி அனுப்பி ஊரைக் கொஞ்சம் குளிர வைக்கும். கரியோ வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்கும். மூச்சோடு போனால் நெஞ்சில் தங்கிவிடும்.

ஒருநாள் காலை மாடியேறினால், மெஷினின் வாயில் என் கணவரின் லுங்கி, மடித்து இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே தாள் பளிச்சென்று இருந்தது.

"தூசி போயி மெஷின் கெட்டுட்டா உன் ஆராய்ச்சி என்னாவறது? அதான் கட்டுனேன்" என்றார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் பகலெல்லாம் வெல்டிங் புகையில் நின்றுவிட்டு வந்து, படுத்தால் இருமுகிற மனிதர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தூசியப் புடிக்கத்தாங்க அத வெச்சதே! மெஷினுக்கு வாயக் கட்டத் தெரியுது, உங்க மூக்கக் கட்டத் தெரியலையா? நான் வாங்கிக் குடுத்த மாஸ்க் எங்க?"

"பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார். "நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. பட்டறைக்குப் போட்டுட்டுப் போனா கரியாயிடும்ல?"