மாட்டை அவிழ்க்கப் போனவர்

கதையை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு மழைக்கால மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

அதற்கு முன்பும் எழுதிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பனிமூட்டத்தில் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடும்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று, லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்களை எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மேலே மலை சரிகிற சத்தம். மண்டபமே எழுந்து நின்றது. வாசலுக்கு ஓடிய அவர் மனைவியை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். அண்ணன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. நாலைந்து ஆண்கள் தேடிப் போனார்கள்.

"இவள கொஞ்சம் பாத்துக்க தங்கச்சி" என்று தன் சின்ன மகளை என்னிடம் விட்டார் அண்ணனின் மனைவி, அந்த அக்கா.

"அப்பா இப்ப என்னா செய்றாங்க?" என்றாள் சிறுமி.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "கயித்த அவுக்கிறாங்க."

"அது நனைஞ்சா அவுழாது."

"அதான் கத்திய எடுத்து அறுக்கிறாங்க."

"கத்தி அம்மா பையில இருக்கு."

"அப்ப பல்லால கடிச்சு இழுக்கிறாங்க."

அதை நம்பினாள். "பெறகு?"

கதையில் மாட்டை அவிழ்த்து, படியிறக்கி, மண்டபத்துக்கு முன்னாலிருக்கிற சின்னப் பாலம் வரை அவரைக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வந்துவிட்டார் என்று சொல்லி, அவர் வராமல் போனால்? அதனால் மாட்டை மிரளவைத்தேன். வழியை மாற்றினேன். அவள் என் கையை இறுக்கிக்கொண்டே, "பெறகு? பெறகு?" என்றாள். வாசலைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

வெளியே ஆட்கள் கத்தினார்கள். அண்ணன் வந்தார். இடுப்பு வரை சேறு, நெற்றியில் இரத்தம். சரிந்த மண் பாதையை மூடியிருந்ததால் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றி வந்திருக்கிறார்.

"மாட்டுக்காக சாகப் போனீங்களா!" அக்கா அவர் நெஞ்சில் குத்தி அழுதார். சிறுமி என் மடியிலிருந்து பாய்ந்து ஓடினாள்.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். முதல் தடவையாக ஒரு கதையை முடித்தேன். கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. திரும்பி வருவாரா என்று உங்களுக்கே பதறுகிற ஒருவரைப் பிடியுங்கள். அவரைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.