இரும்பு அறைக்குள் பன்னிரண்டு பாகம்

பட்டாபி செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தா. வீடு திருவிடந்தையில். அப்பா ஜானகிராம ஐயங்கார் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். அமாவாசை, மாசி மகம் மாதிரி நாட்கள் தவிர மற்ற நாளில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத விஷயம். அலைச்சத்தம் சமையலறை வரை கேட்கும். அவ்வளவுதான் உறவு.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லித்தருவதாக வீட்டில் சொல்லியிருந்தான் பட்டாபி. உண்மையில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான். மூழ்கிய கப்பல்களை எடுக்கும் கம்பெனி ஒன்று மதராஸ் துறைமுகத்தில் இருந்தது. அதில் இன்ஜினீயராக இருந்த ரவிச்சந்திரன் காற்று சிலிண்டர்களைக் கொண்டுவருவான். படகு மீனவன் மாயவனுடையது. பட்டாபி கீழே போனது மீன் பார்ப்பதற்காக அல்ல. அங்கே யாரும் அவனைக் கூப்பிட முடியாது.

எழுபத்தாறாம் வருஷம், மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. ரவிச்சந்திரன் வரவில்லை, அவன் விட்டுப்போன சிலிண்டர்கள் மட்டும் இருந்தன. பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல் ஆழத்தில், மாயவனின் வலை பாறையில் மாட்டிக்கொண்டது. பட்டாபி போனான், கத்திக்காக மேலே வந்தான், மறுபடி போனான். நேரம் பார்த்துச் சொல்ல ஆளில்லை. கடைசியில் சிலிண்டரில் காற்று தீர்ந்து, ஒரே மூச்சில் மேலே வந்தான்.

கரையில் மாயவன் கேட்டான். "இன்னா ஐயரே, தோள புடிச்சிகினு கீறே?"

"மரத்துப்போறது. ஐயர் இல்லைடா, ஐயங்கார்."

"மீனுக்கு ரெண்டும் ஒரே ருசிதான். மரத்துச்சின்னா ஒடனே ஆர்பருக்கு வந்துடுன்னு ரவி சார் சொன்னாரா இல்லியா? இரும்பு ரூமு கீதாமே?"

"வீட்டுக்குப் போய்ட்டுப் போறேன்."

"வூட்ல இன்னா, மந்திரிச்சி வுடுவாங்களா?"

பட்டாபிக்கு எல்லாம் தெரியும். ஆழத்திலிருந்து அவசரமாக வந்தால், உடைத்த கோலி சோடா மாதிரி ரத்தத்தில் காற்று பொங்கும். அந்த அறைக்குள் ஆளை வைத்துக் காற்றை அழுத்தி, மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக மேலே எடுக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரவிச்சந்திரன் அவனுக்கு அந்த அறையைச் சுற்றிக்கூடக் காட்டியிருக்கிறான்.

ஆனால் துறைமுகத்துக்குப் போவதென்றால் கடலைச் சொல்லவேண்டும். மகம் வரும் சமயத்தில், தளிகை செய்கிறவரின் பிள்ளை.

வீட்டுக்கு வந்து, கலங்கரை விளக்கப் பாறையில் வழுக்கிவிட்டது என்றான். இரவுக்குள் இரண்டு காலும் மரத்தன. செங்கல்பட்டிலிருந்து டாக்டர் வந்தார். அவரிடமும் பாறை என்றான். முதுகில் அடி என்று அவர் பலகையில் படுக்கச் சொன்னார். ஜானகிராம ஐயங்கார் எண்ணெயைச் சுடவைத்துத் தானே தேய்த்தார். காலையில் சரியாகிவிடும் என்று பட்டாபி ஒவ்வொரு இரவும் நினைத்தான். சிறுநீரும் நின்றது. அதை மனைவி கோமளத்திடம் சொன்னான். கடலைச் சொல்லவில்லை.

புதன்கிழமை மாயவன் வாசலில் வந்து நின்றான்.

"இன்னாம்மா, இன்னும் இங்கியே வச்சிகினு கீறீங்க? தண்ணிக்குள்ள வந்த நோவும்மா அது!"

கோமளம் உள்ளே வந்து புருஷனைப் பார்த்தாள். "எந்தத் தண்ணி?" என்றாள். பட்டாபி சுவரைப் பார்த்தான். ஜானகிராம ஐயங்கார் எதுவும் கேட்கவில்லை. கார் கொண்டுவரப் போனார்.

துறைமுகத்தில் அதை அறை என்று சொல்வதே தவிர, படுக்கவைத்த கொதிகலன் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி. ரவிச்சந்திரன் கூடவே உள்ளே உட்கார்ந்தான். கதவை மூடிக் காற்றை விட்டதும் காது அடைத்தது, உள்ளே சூடேறியது. ரவிச்சந்திரனின் குரல் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்தது.

"ஏன்யா மூணு நாள்? ஏன்?"

அழுத்தம் பன்னிரண்டு பாகத்தைத் தாண்டியபோது பட்டாபியின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு இடது. கோமளம் கண்ணாடிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேலே எடுக்கத் தொடங்கினார்கள். உள்ளே பனிமூட்டம் போல் கவிந்து குளிர்ந்தது. இடது விரல் முதலில் நின்றது.

"இங்கேயே நிறுத்துங்கோ" என்றான் பட்டாபி. "மேலே கொண்டுபோகாதேள்."

"இங்கேயே எப்படிய்யா இருக்க முடியும்?"

"இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்லை. இருக்கேன்."

மேலே கொண்டுவந்தார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் உள்ளே வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆழத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது முந்தையதைவிடக் குறைவு. கடைசியில் ஆழத்திலும் வரவில்லை. இனி பிரயோஜனமில்லை என்று கம்பெனி டாக்டர் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் அநேகமாக நடந்து போயிருப்பான் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெளியே பெஞ்சில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். கோமளம் காரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"வெள்ளைக்காரன் எவனும் உங்கிட்டத் தமிழ் கத்துக்கலைன்னு தெரியும்" என்றார் ஜானகிராம ஐயங்கார்.

பட்டாபி திரும்பினான்.

"வாரா வாரம் காதுக்குப் பின்னால உப்பு படிஞ்சிருக்கும். கொல்லையில குளிச்சுட்டு வந்தாலும் போகாது. ரெண்டு வருஷமா தெரியும்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ ஆமாம்பே. ஆமான்னா நான் மடப்பள்ளிக்குள்ள கால் வைக்கறதா வேண்டாமான்னு யோசிக்கணும். கேக்காத வரைக்கும் ஒண்ணுமில்லை." பிள்ளையின் காலைப் பார்த்தார். "இப்படி ஒரு நோவு இருக்குன்னு எனக்குத் தெரியாதுடா."

"எனக்குத் தெரியும்" என்றான் பட்டாபி.

கார் வந்தது. டிரைவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தான். ஜானகிராம ஐயங்கார் குனிந்து, பிள்ளையின் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். பட்டாபி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது காலையும் வைத்தாகிவிட்டதா என்பதைத் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.