எட்டுப் பேர் கண்டித்த பேனர்

எங்கோ ஒரு நாட்டில் குண்டு வெடித்தால், திருவாரூர்ப் பக்கத்து எங்கள் தெருவில் பேனர் கட்டியாக வேண்டும். அன்றும் வெடித்தது. படுபாவிகள், கடைத்தெருவில் நின்ற பிள்ளைகளைக் கொன்றிருந்தார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். அவர் ஜமாஅத் செயலாளர். கண்டிப்பது அவர் பொறுப்பு.

பேனர் அடிப்பவருக்குக் கல்யாணமோ காதுகுத்தோ, படம் இல்லாமல் பேனரே கிடையாது. "மூஞ்சி இல்லாம எப்படிங்க?" என்று நிர்வாகிகள் எட்டுப் பேரின் பாஸ்போர்ட் போட்டோவையும் வாங்கிக்கொண்டார். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படங்கள். உச்சியில் சிவப்பாக 'பயங்கரவாதம்'. கீழே எட்டு முகங்களும் இடத்தை அடைத்துக்கொண்டதால், 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

தெருமுனையில் கட்டினார்கள். மன்னார்குடி பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். போலீஸ் தேடுகிற ஆட்கள் என்றுதானே நினைத்திருப்பார்கள்!

எனக்கோ வேறு கவலை. மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு மறுநாள் போலீஸ் வருகிறது. அந்த முனையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"என்னங்க, நன்மையாப் போகும், அதக் கழட்டுங்க."

"கழட்டுனா கண்டனத்த வாபஸ் வாங்கிட்டோம்னு பேசுவாங்க. ஒரு வாரமாவது இருக்கணும்."

"அப்ப உங்க மூஞ்சிய மட்டுமாவது மறைங்க."

"செயலாளர் மட்டும் கண்டிக்கலையான்னு கேப்பாங்க."

இந்த மனிதரோடு இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

போலீஸ்காரர் வந்தார். என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

"கண்டிக்கிறாரு சார். எங்க குண்டு வெடிச்சாலும் கண்டிப்பாரு. மத்த நேரத்துல உரக்கடை."

நான் அவள் கையைக் கிள்ளினேன். போலீஸ்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு விவசாயி, "எழுதிக்குங்க சார், தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு, போகும்போது என் வீட்டுக்காரரின் காதைக் கடித்தார். "கண்டிச்சு முடிச்சதும் அந்த பேனரக் குடுங்க. நெல்ல மூடணும்."

அடுத்த வாரம் மழை கொட்டியது. நெல் கொள்முதல் நிலைய வாசலில் எட்டுப் பேரும் வானத்தை முறைத்துக்கொண்டு நனைந்தார்கள். அடியில் பக்கத்து வீட்டுக்காரரின் நெல் நனையவில்லை.

அன்றுதான் பாஸ்போர்ட்டும் வந்தது. மகள் தன் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நானும் அத்தா மாதிரியே முறைக்கிறேன்ல?"

வாங்கிப் பார்த்தேன். அந்த பேனரில் ஒன்பதாவதாக ஒட்டிவிடலாம், அப்படியே இருந்தது. தனியாகப் போகிற பிள்ளை.

"போற எடத்துல சிரிச்ச முகமா இரும்மா. யாரு பாத்தாலும் சிரி."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்நேரமுமாம்மா?" என்று கேட்டாள்.